நீரிலா, கரையிலா? சிலாபக் கரையின் பாய்வள்ளங்களும் பராமரிப்பு பற்றிய நீண்ட விவாதமும்

மரத்தாலான பாய்வள்ளம் தொழிலில் இல்லாத வேளையில் எங்கே கிடக்க வேண்டும்? நீரில் மிதந்தபடியா, மணலில் ஏறியா? அதன் மரம் ஈரமாக இருப்பது நல்லதா, காய்ந்திருப்பது நல்லதா? அதற்கு எதைப் பூசுவது, எப்போது பூசுவது? பாய்த்தொழில் நடந்த கரைகளிலெல்லாம் இந்தக் கேள்விகள் எழுந்திருக்கின்றன. கடலோர மக்கள், வணிகர், பயணிகள், கடற்படையினர், வேதியியலாளர் எனப் பலரும் குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகளாக இவற்றுக்கு விடை தேடி வந்துள்ளனர். அந்த விடைகளில் ஒன்றுகூட மற்றவற்றை முற்றாக வென்றுவிடவில்லை.

இந்த விவாதத்தை நின்று பார்க்கச் சிலாபம் பொருத்தமான இடம். தெதுறு ஓயா கடலில் சேரும் முகமும் சிலாபக் களப்பும் இங்கே அருகருகே உள்ளன. வடக்கே உடப்பும் முந்தலும் கற்பிட்டியும், தெற்கே தொடுவாவையும் மாரவிலையும் கடந்தால் நீர்கொழும்பும் என, நன்னீர், உவர்நீர், திறந்த கடல், நீண்ட மணற்கரை ஆகிய நான்கும் ஒரே கரையில் கிடைக்கின்றன. மரங்களைப் பிணைத்த தெப்பம், ஒரு பக்கம் மிதவைக்கட்டை கொண்டதும் சிங்களத்தில் ஒருவ எனப்படுவதுமான வள்ளம், கரைவலை இழுப்புக்கான தோணி ஆகிய மூன்றும் இக்கரைக்குப் பழக்கமானவை. இயந்திரமும் பைபர் கிளாஸும் வந்த பின்னர் பாய் பெரிதும் ஒதுங்கிவிட்டது. ஆயினும் நீர்கொழும்புப் பகுதியில் அது முற்றாக மறையவில்லை.

இவ்வள்ளங்களைப் பற்றிய பழைய பதிவுகள் குறைவில்லை. சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1943இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1980களில் ஜெர்மானியக் கடலியல் தொல்லியலாளர் கெர்ஹார்ட் காபிட்டான் அளவெடுத்து வரைபடங்களோடு பதிவு செய்தார். கடற்படை அதிகாரியாக இருந்து வரலாற்றாய்வாளரான சோமசிறி தேவேந்திர அப்பணியைத் தொடர்ந்தார். இப்பதிவுகளின் கவனம் பெரும்பாலும் வடிவத்திலும் கட்டுமானத்திலும் தோற்றத்திலும் இருந்தது. கட்டிய வள்ளத்தை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது ஆங்காங்கே ஓரிரு வரிகளாகவே வருகிறது. அந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு, இதுவரை சொல்லப்பட்ட விடைகளை வகைப்படுத்தி, அவற்றின் வேரையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத்துக்கு வரும் மூன்று கேடுகள்

விடைகள் ஏன் முரண்படுகின்றன என்பதை அறிய, மரத்தை அழிப்பவை எவை என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது கப்பல் புழு. பெயரில் புழு என்றாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி. 1730களில் ஒல்லாந்தரின் கடற்கரை அணைகளின் மரக்கட்டுகளை அது தின்று தீர்த்தபோது ஐரோப்பிய அறிஞர்கள் அதை ஊன்றி ஆராயத் தொடங்கினர். கொட்பிரீட் செல்லியுஸ் 1733இல் அது புழுவன்று, மெல்லுடலி என்று நிறுவினார். குண்டூசித் தலையளவு துளையால் உள்ளே நுழையும் இளம் உயிரி, மரத்துக்குள்ளேயே வளர்ந்து சுண்ணாம்புச் சுவர் கொண்ட நீண்ட குழாயைக் குடைந்துவிடுகிறது. வெளியே பலகை நலமாகத் தெரியும். உள்ளே பஞ்சுபோல் பொள்ளலாகியிருக்கும். வெப்பக் கடல்களில் பாதுகாப்பற்ற மரம் சில மாதங்களிலேயே பயனற்றுப் போகலாம். இந்த உயிரிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: உப்பு மிகக் குறைந்த நீரும், நீடித்த உலர்வும். ஆனால் ஓரிரு நாள் உலர்வு அதைக் கொல்லாது. துளையின் வாயை மூடிக்கொண்டு பல நாள்களும், சில இனங்கள் வாரக்கணக்கிலும் உள்ளே தாக்குப்பிடிக்கின்றன.

இரண்டாவது உக்கல். மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. மரம் நீரில் முழுமையாக ஊறிக் கிடந்தால் காற்றுக் கிடையாமல் அப்போதும் வளராது. கடல்நீரின் உப்பும் அதைத் தடுக்கிறது. எனவே உக்கலுக்கு வாய்ப்பான இடம், மழைநீர் தேங்கி, வெயில் படாமல், காற்றும் சரியாக ஓடாமல் கிடக்கும் வள்ளத்தின் உட்புறம்.

மூன்றாவது வெயில். காய்ந்த மரம் சுருங்கும். பலகைப் பொருத்துகள் விரியும். குடைந்த அடிமரம் வெடிக்கும். பாயையும் கயிற்றையும் பூச்சையும் வெயிலே அரிக்கிறது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கப்பல் புழுவைக் கொல்லும் உலர்வு மரத்தை வெடிக்க வைக்கிறது. வெடிப்பைத் தடுக்கும் கடல்நீர் புழுவை வளர்க்கிறது. புழுவைத் தடுக்கும் நன்னீர் உக்கலை அழைக்கிறது. ஒரு கேட்டுக்கான மருந்து இன்னொன்றுக்கு உணவாகிறது.

முதல் விடை: கரையேற்றிக் காயவை

மிகப் பழையதும் எளியதுமான விடை, தொழில் முடிந்ததும் வள்ளத்தை நீரிலிருந்து எடுத்துவிடுவது. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இதன் தெளிவான வடிவம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். மரம் நீரை உறிஞ்சி கனத்துப் போகாமல் இருக்க இது தேவை. ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டும்போது கயிறும் மரமும் கண்முன்னே சோதிக்கப்படுகின்றன. பராமரிப்பு என்ற தனி வேலை இங்கே இல்லை. அது தொழிலின் அன்றாட ஒழுங்குக்குள் கரைந்துவிடுகிறது.

சிலாபக் கரையில் இவ்விடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரித்தானியா, வடபிரான்ஸ் போன்ற கரைகளில் நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே பல மீற்றர் வேறுபாடு இருக்கும். அங்கே கப்பலைக் கரையோரம் நிறுத்தினால் வற்றின்போது அது தானாகவே அடி தெரிய நின்றுவிடும். சுரண்டிப் பூசிய பின் ஏற்றம் வந்து தூக்கிக்கொள்ளும். இலங்கையின் மேற்குக் கரையில் அந்த வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் வற்றி உதவாத கரையில் மனிதர்தான் தோள்கொடுத்து ஏற்ற வேண்டும். மணற்கரையில் ஏற்றத்தக்க எடையிலேயே தெப்பமும் ஒருவ வள்ளமும் அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வடிவமே பராமரிப்பை முன்னிட்டு உருவானது என்ற இக்கருத்து நம்பத்தக்கது. எனினும் அலையடிக்கும் கரையில் இறங்கி ஏறவேண்டிய தேவையே இதைவிட வலிய காரணமாக இருந்திருக்கக்கூடும்.

இவ்விடையின் குறைகள் மூன்று. ஆள்பலம் வேண்டும், கூட்டுத்தொழில் தளர்ந்த ஊரில் வள்ளம் ஏற்ற ஆள் கிடைப்பதில்லை. மணலில் இழுபடும் அடிமரம் தேய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சிறிய கலங்களுக்கு மட்டுமே பொருந்தும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி போன்ற பாய்க்கப்பலை அன்றாடம் மணலில் ஏற்ற எவராலும் இயலாது. அத்தகைய கலங்கள் வேறு விடையைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாம் விடை: நீரிலேயே விடு, பூசிக் காப்பாற்று

மரத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு படலத்தை நிறுத்துவது அடுத்த விடை. அரபுக் கலங்களில் நீர்க்கோட்டுக்கு மேலே சுறா எண்ணெய் போன்ற மீனெண்ணெயும், கீழே கொழுப்போடு குழைத்த சுண்ணாம்பும் பூசப்பட்டன. ஹோர்முஸ் துறையின் கப்பல்களைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கண்ட மார்க்கோ போலோ, அவற்றுக்குக் கீல் பூசப்படுவதில்லை, மீனெண்ணெயே தடவப்படுகிறது என்று குறிப்பிட்டார். கீழைக் கடல்களின் பெரிய வணிகக் கப்பல்களுக்குச் சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் மர எண்ணெயையும் இடித்துச் சேர்த்த பசை பூசப்பட்டதையும், பழுதடைந்த பலகைக்கு மேல் புதிய பலகை அடுக்கப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார்.

தமிழ், மலையாளக் கரைகள் தம்மிடம் கிடைத்த மரங்களிலிருந்து இந்தப் பூச்சைக் கண்டுகொண்டன. புன்னை எண்ணெயும் குங்கிலியமும் பொருத்துகளை அடைக்கப் பயன்பட்டன. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் கரிய எண்ணெய் தோலைப் பொசுக்கும் அளவுக்குக் காரமானது. மரத்துக்கு அது நல்ல காப்பு. முந்திரி விளையும் புத்தளம் மாவட்டத்தில் அது தொலைவிலிருந்து வரவேண்டிய பொருளன்று. கேரளத்தின் சுண்டன் வள்ளங்களுக்கு மத்தி மீனெண்ணெயையும் சிரட்டைக் கரியையும் சேர்த்துப் பூசி, போட்டி இல்லாத காலத்தில் கூரையிட்ட வள்ளப்புரையில் ஏற்றி வைக்கிறார்கள். பூசுவதும் கரையேற்றுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அது சான்று.

இப்பூச்சுகளின் ஆற்றலை இன்றைய ஆய்வு முற்றாக மறுக்கவில்லை. எண்ணெய் மரத்தின் ஈர ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது; சுண்ணாம்புப் படலம் இளம் புழு ஒட்டிக்கொள்வதற்கு இடையூறாகிறது. ஆனால் இரண்டும் விரைவில் கழுவப்பட்டுவிடும். சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை கலத்தைச் சாய்த்துச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். ஆக, நீரிலேயே விடுவதற்காகக் கண்ட வழியும் இறுதியில் கரையையே நாடுகிறது.

நீரிலேயே விடும் வழிக்குச் சிலாபத்தில் இயற்கை தரும் ஒரு துணையும் உண்டு. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகும்போது கழிமுகத்தில் உப்புக் குறைகிறது. அத்தகைய நீரில் நங்கூரமிட்ட கலத்தில் கப்பல் புழு செழிப்பதில்லை. இக்கரையில் அந்த நன்மை எத்தனை மாதங்களுக்குக் கிடைக்கும் என்பது மழையைப் பொறுத்தது. தெதுறு ஓயாவில் நீர்த்தேக்கம் அமைந்த பின்னர் அந்த ஒழுங்கு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு.

மூன்றாம் விடை: பிரித்துத் தைக்கத்தக்கதாகக் கட்டு

இந்துமாக்கடலின் மிகத் தனித்துவமான விடை ஆணியில்லாத கட்டுமானம். ஒருவ வள்ளத்தில் குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்படுகின்றன. மிதவைக்கட்டையும் அதைத் தாங்கும் வளைகொம்புகளும் கயிற்றாலேயே பிணைக்கப்படுகின்றன. இலங்கையை ஒட்டிய கடலில் ஓடிய கலங்கள் இரு முனையும் முகப்பாக அமைந்தவை என்று முதல் நூற்றாண்டின் உரோம எழுத்தாளர் பிளினி எழுதினார். இன்றும் திசை மாற்றும்போது வள்ளத்தைத் திருப்பாமல் பாயை மறுமுனைக்குக் கொண்டு செல்லும் ஒருவ வள்ளத்துக்கு அக்குறிப்பு பொருந்துகிறது.

ஏன் தைத்தார்கள் என்ற கேள்விக்கே பல விடைகள் உண்டு. கடலில் உள்ள காந்தப் பாறைகள் இரும்பை இழுத்துவிடும் என்பது ஒரு பழங்கதை. போஜ மன்னனின் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்ற வடமொழி நூல் அதை ஏற்கிறது. ஆறாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் அதை மறுத்து, அக்கப்பல்களைக் கட்டியோரிடம் போதிய இரும்பு இல்லை என்பதே காரணம் என்றார். தைத்த கப்பலை மார்க்கோ போலோ பலவீனத்தின் அடையாளமாகக் கண்டார். 1344இல் இதே கரையில் புத்தளத்தில் வந்திறங்கி யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்த பயணி இப்னு பதூதாவின் கருத்து நேரெதிரானது: இரும்பாணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும்.

இவ்விவாதம் பெரும்பாலும் வலிமையைப் பற்றியதாகவே நடந்துள்ளது. பராமரிப்பின் கோணத்தில் பார்த்தால் இன்னொரு காரணம் புலப்படுகிறது. இரும்பாணி கடல்நீரில் துருப்பிடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கிறது. அந்தக் கேடு உள்ளே நிகழ்வது. கண்ணுக்குத் தெரிவதற்குள் பலகை போய்விடும். கயிறு வெளியே தெரியும்படி தேய்கிறது. தையலை வெட்டி, பலகையைக் கழற்றி, கெட்ட ஒன்றை மாற்றி, மற்றவற்றைக் காயவைத்து எண்ணெயூட்டி மீண்டும் தைக்கலாம். இலட்சத்தீவிலும் கேரளத்திலும் தைத்த வள்ளங்களைக் குறித்த கால இடைவெளியில் பிரித்துத் தைக்கும் வழக்கம் இருந்தது. உவர்நீரில் பல மாதம் ஊறப்போட்டு எடுக்கப்படும் தென்னை நாரில் லிக்னின் மிகுந்திருப்பதால், கடலில் அது எளிதில் மக்குவதில்லை. தெங்கு முக்கோணம் எனப்படும் நிலப்பகுதியின் கரையோர முனையில், லுணுவிலையின் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு அண்மையில் இருக்கும் சிலாபத்துக்கு அந்த நார் என்றும் தட்டுப்பாடாக இருந்ததில்லை.

இவ்விடையின் வல்லமையை நிகழ்காலச் சோதனைகளும் காட்டியுள்ளன. ஆய்வுப் பயணி டிம் செவரின் ஓமானில் இலட்சத்தீவுக் கைவினைஞர்களின் துணையோடு தென்னங்கயிற்றால் தைத்த சோஹார் என்ற கப்பல் 1980இல் புறப்பட்டு 1981இல் சீனாவின் கன்ரன் நகரை அடைந்தது. கைவினைஞர் பாபு சங்கரனின் வழிகாட்டலில் தைக்கப்பட்ட கௌண்டின்யா என்ற கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. எனினும் இவை பெரும் நிதியும் தனிக் கவனமும் பெற்ற முயற்சிகள். நாளாந்தத் தொழிலில் ஈடுபடும் ஒருவருக்குத் தையல் என்பது நாள்கணக்கான உழைப்பு. அதை அறிந்தவரும் அருகிவிட்டனர். குடைவதற்குரிய பருத்த மரமும் எளிதில் கிடைப்பதில்லை. தொழில்நுட்பத்தின் தோல்வியைவிட, மரமும் ஆளும் அருகியதே அதன் ஒதுக்கத்துக்குக் கூடுதல் காரணம் எனலாம்.

நான்காம் விடை: உலோகமும் நஞ்சும்

ஐரோப்பியக் கடற்படைகள் மேற்கொண்ட வழி, எந்த உயிரியும் ஒட்டாதபடி அடியை நஞ்சாக்குவது. பிரித்தானியக் கடற்படை 1761இல் அலாம் என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு வேய்ந்து பார்த்தது. புழு நின்றது, பாசியும் கொட்டலசும் குறைந்தன. ஆனால் செம்பும் இரும்பாணியும் கடல்நீரில் சேர்ந்தபோது மின்வேதி வினையால் ஆணிகள் அரிக்கப்பட்டன. 1824இல் வேதியியலாளர் ஹம்பிரி டேவி செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்து அரிப்பை நிறுத்தினார். அரிப்பு நின்றதும் பாசியும் சிப்பிகளும் திரும்பி வந்தன; செம்பு கரைந்து கொண்டிருந்ததே அவற்றைத் தடுத்த காரணம் என்பது தெளிவாயிற்று. ஒரு பாதுகாப்பு தன்னையே இழந்துதான் வேலை செய்கிறது என்ற உண்மையை அச்சோதனை கற்பித்தது. இன்றைய பாய்ப்படகுகளில் பூட்டப்படும் துத்தநாகக் கட்டிகள் அந்த அறிவின் தொடர்ச்சியே. அவை கரைந்து தீரும், காலாகாலத்தில் மாற்ற வேண்டும்.

1960களில் பரவிய டிரைபியூட்டைல் தகரப் பூச்சு பல ஆண்டுகளுக்கு அடியைத் தூய்மையாக வைத்திருந்தது. பராமரிப்பின் சுமை தீர்ந்ததுபோல் தோன்றியது. பின்னர் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகள் ஓடு சிதைந்தும் இனம் பெருகாமலும் போயின. 1982இல் பிரான்ஸ் சிறிய படகுகளில் அதைத் தடுத்தது. அதைத் தடைசெய்ய 2001இல் நிறைவேறிய பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது செப்பு ஒட்சைட்டுப் பூச்சுகளே பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் நீண்டகால விளைவும் இன்று விவாதத்துக்குரியதே.

சிலாபத்துக்கு இவ்விடை குறிப்பான கவலையைத் தருகிறது. கடலோடு குறுகிய வாயால் மட்டும் தொடர்புடைய களப்பில் நீர் மெதுவாகவே மாறுகிறது. அங்கே கரையும் செம்பு உடனே கடலுக்குப் போய்விடாது. நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளரும் அந்நீரில், வள்ளத்தைக் காக்கும் பொருள் வள்ளம் தேடிப் போகும் மீனைக் குறைக்குமானால் அது காப்பாகாது.

ஐந்தாம் விடை: கெடாத பொருளால் கட்டு

இலங்கையில் 1950களில் தொடங்கிய இயந்திரமயமாக்கத்தைத் தொடர்ந்து, பைபர் கிளாஸ் வள்ளம் வந்தது. நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் அதன் முன்னோடிகளுள் ஒன்று. உலக உணவு, விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் கரையிறங்கு வள்ளங்களை வடிவமைத்துச் சோதித்தது. புழு தொடாது, உக்காது, பொருத்துகளை அடைக்க வேண்டாம் என்ற உறுதிமொழி பெரும்பாலும் மெய்யானதே. தொழிலாளரின் உழைப்பை அது குறைத்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பராமரிப்பு ஒழிந்துவிடவில்லை. வெயிலில் மேற்பூச்சு வெளிறித் தூளாகிறது. நீரிலேயே நெடுநாள் கிடந்தால் ஈரம் மேற்பூச்சைத் தாண்டி உட்சென்று பிசினோடு வினைபுரிந்து கொப்புளங்களை எழுப்புகிறது. மணலில் இழுபடும் ஏராப் பகுதி தேய்ந்து கண்ணாடி நார் வெளிப்படுகிறது. அந்த வழியே நீர் ஏறினால் வள்ளம் கனக்கிறது. மரத்தைப்போலவே இதற்கும் இடையிடையே கரையேறிக் காய்வதும், நிழலில் கிடப்பதும், தேய்ந்த இடத்தை உடனே அடைப்பதும் நல்லது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின் விரைந்து கட்டி வழங்கப்பட்ட பல வள்ளங்களின் தரம் பற்றிக் கவலைகள் எழுந்தன. பொருள் நல்லதென்பதால் கட்டுமானமும் நல்லதாகிவிடாது என்பதை அது காட்டியது.

இதைவிடக் கனமான குறை கடைசியில் வருகிறது. பழைய ஒருவ வள்ளம் விறகாகும், அல்லது மண்ணோடு மண்ணாகும். பைபர் வள்ளம் எரிக்கவும் முடியாமல் மக்கவும் முடியாமல் கரையோரத்தில் கிடக்கிறது. தினமும் செய்ய வேண்டியிருந்த சிறு வேலை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எவருக்கும் பொறுப்பில்லாத பெரும் வேலையாகத் திரண்டு நிற்கிறது.

மரத்தையும் புதுப்பொருளையும் சேர்க்கும் நடுவழியும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், பால் வற்றிய இரப்பர் மரத்துக்கு இரட்டைக் காப்பு மருந்தேற்றி வள்ளம் கட்டிச் சோதித்தது. மலிவான மரத்தை நீண்டகாலம் உழைக்க வைக்கலாம் என்பது அதன் பயன். ஏற்றப்படும் மருந்துகளின் நச்சுத்தன்மை அதன் மறுபக்கம். வேறு சில இடங்களில் ஒருவ வள்ளத்தின் வடிவத்தை அப்படியே பைபரில் வார்க்கிறார்கள். வடிவம் பிழைக்கிறது, பிரித்துப் பழுதுபார்க்கும் அறிவு பிழைப்பதில்லை.

பாயும் கயிறும்

வள்ளத்தின் உடலைப் பற்றிப் பேசியவர்கள் பாயை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பருத்திப் பாய் ஈரத்தோடு சுருட்டப்பட்டால் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கண்டல் மரப்பட்டையை அவித்த சாயத்தில் பாயையும் வலையையும் தோய்ப்பது வெப்பக் கரைகளில் பரவலாக இருந்தது. பட்டையின் துவர்ப்புச் சத்து பூஞ்சணத்தைத் தடுத்தது. பாய்க்கு அந்தச் செம்பழுப்பு நிறத்தைத் தந்ததும் அதுவே. சாயம் கழுவப்படுவதால் இதையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இன்று அந்த வழிக்கு அப்படியே திரும்ப முடியாது. 1980களிலிருந்து சிலாபம், புத்தளம் கரைகளில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை இப்போது காக்கப்பட வேண்டியவை. சிலாபத்துக்கு அருகே பம்பலையில் 2016இல் கண்டல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டிருப்பதே இந்த மாற்றத்தின் அடையாளம். பட்டையுரித்த மரம் பட்டுப்போகும். ஒரு பாயின் ஆயுளுக்காக ஒரு மரத்தைக் கேட்பது இன்றைய நிலையில் நியாயமாகாது.

செயற்கை நூல் பூஞ்சணத்துக்கு இரையாவதில்லை. அதன் பகை வெயில். பொலியஸ்டர் நைலோனைவிட வெயிலைத் தாங்கும். மலிவு கருதிப் பாயாக்கப்படும் பொலித்தீன் படங்கு விரைவில் நொறுங்கி, துகள்களாகக் கடலில் கலக்கிறது. ஆகவே பருத்திப் பாய்க்கு முதல் விதி காயவைப்பது என்றால், செயற்கைப் பாய்க்கு முதல் விதி மூடி வைப்பது. பொருள் மாறியும் பழக்கம் மாறாமல் இருந்தால் கேடு வரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொழில் ஓய்ந்த மாதங்கள்

படகுப் பராமரிப்பு பற்றி உலகில் அச்சாகும் கைநூல்களுள் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஆண்டை மனத்தில் வைத்தவை. குளிர்காலத்தில் படகைக் கரையேற்று, உறைபனியிலிருந்து காப்பாற்று, வசந்தத்தில் பூசி இறக்கு என்பது அவற்றின் ஒழுங்கு. சிலாபத்தின் ஆண்டு வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிறது. அக்காலத்தில் இக்கரையோர மீனவர் கிழக்கே முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது நீண்ட வழக்கம். கரையில் விடப்படும் வள்ளம் காற்றையும் மழையையும் இடையிடையே கடும் வெயிலையும் மாறி மாறிச் சந்திக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மழை அதற்கு மேல் வருகிறது.

இங்கே கருத்து வேறுபாடு இரண்டு இடங்களில் கூர்மையாகிறது. முதலாவது, எதனால் கழுவுவது. நன்னீரால் உப்பைக் கழுவு என்பது கைநூல்களின் பொது அறிவுரை. பைபர் உடலுக்கும் உலோக உறுப்புகளுக்கும் செயற்கைப் பாய்க்கும் அது சரி. மரத்தின் உட்புறத்துக்குக் கடல்நீரே பாதுகாப்பானது. நன்னீர் தேங்கினால் உக்கல் தொடங்கும். இரண்டாவது, எதனால் மூடுவது. பொலித்தீன் விரிப்பு மழையை முற்றாகத் தடுக்கிறது. கூடவே உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியேற விடாமல் அடைக்கிறது. கிடுகுக் கூரை சில துளி கசிந்தாலும் காற்றை விடுகிறது, நிழலும் தருகிறது. மர வள்ளத்துக்கு அந்தப் பழைய வழி மேலானது என்றே கிடைக்கும் அறிவு சுட்டுகிறது. அடியில் கட்டைகள் கொடுத்து மணலிலிருந்து உயர்த்துவதும், நீர் வடிய ஒரு முனையைச் சற்றுத் தாழ்த்துவதும், பிணைப்புக் கயிறுகளைத் தளர்த்துவதும் பெரும்பாலும் எல்லாத் தரப்பும் ஏற்கும் செயல்கள்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால் ஒரு பொது உண்மை தெரிகிறது. எந்த விடையும் பராமரிப்பை ஒழிக்கவில்லை. அதை இடம் மாற்றியிருக்கிறது. கரையேற்றும் வழி அதை அன்றாட உழைப்பாக்கியது. பூச்சும் தையலும் பருவ வேலையாக்கின. செம்பும் தகரமும் அச்சுமையின் ஒரு பகுதியைக் கடலின் மீது ஏற்றின. பைபர் அதைத் தொழிற்சாலைக்கும் அடுத்த தலைமுறைக்கும் தள்ளிவைத்தது. ஆகவே எது கெடாது என்று கேட்பதைவிட, அது கெடும்போது யார் கண்ணில் படும், யார் கையால் சீராகும், அதன் செலவை யார் தாங்குவார் என்று கேட்பது பயனுள்ளது.

நீரிலா, கரையிலா என்ற இருமையும் இந்த ஒப்பீட்டில் தளர்ந்துவிடுகிறது. உக்கலைப் பொறுத்தவரை முழு ஈரமும் முழு உலர்வும் மரத்துக்குப் பெரும்பாலும் தாங்கத்தக்கவை. கேடு நிகழ்வது இரண்டுக்கும் நடுவே, கவனிப்பில்லாமல் விடப்பட்ட நிலையில். சிலாபக் கரையின் தெப்பமும் ஒருவ வள்ளமும் அந்த மாற்றத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்த கலங்கள். அவை தரும் பாடம் இன்றைய பைபர் வள்ளத்துக்கும் பெருமளவு பொருந்தும்.

இனித் தீர்க்கப்பட வேண்டியவை சில. தெதுறு ஓயா முகத்திலும் களப்பிலும் ஆண்டு முழுவதும் உப்பின் அளவு எவ்வாறு மாறுகிறது, அதற்கேற்பக் கப்பல் புழுவின் தாக்கம் எந்த மாதங்களில் கூடுகிறது என்பது அளந்து அறியத்தக்கது. சோதனைப் பலகைகளை நீரில் தொங்கவிட்டாலே போதும். முந்திரி எண்ணெயும் புன்னை எண்ணெயும் சுண்ணாம்பும் இக்கரையின் நீரில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் செப்புப் பூச்சோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம். பழைய பைபர் வள்ளங்களைப் பொறுப்பேற்க ஓர் ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றிலும் அவசரமானது, தைக்கவும் பிணைக்கவும் பாய் தைக்கவும் அறிந்த முதியவர்களிடமிருந்து அவர்கள் செய்யும் வரிசையிலேயே அந்த வேலையைப் பதிவு செய்வது. வள்ளத்தின் அளவுகள் நூல்களில் உள்ளன. அதைப் பேணும் கைப்பழக்கம் அவற்றில் போதிய அளவு இல்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, காற்றைக் கொண்டு தொழில் செய்வது பழங்காலப் பேச்சாக மட்டும் இருக்க முடியாது என்பது விளங்கியது. சிறிய அளவிலேனும் பாய் திரும்புமானால், அது எந்தப் பொருளாலான வள்ளத்தில் திரும்பும் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. எந்தப் பொருளாயினும் அதைப் பார்த்துப் பழுதறியும் கண்ணும், கரையிலேயே சீராக்கும் கையும் அந்த ஊரில் இருந்தால்தான் அது நிலைக்கும். இதுவரை சொல்லப்பட்ட எல்லா விடைகளும் மறுக்காமல் விட்ட முடிவு இது ஒன்றே.